வளைவுக்காரி

பொக்லைன் இன்ஜினை அணைத்துவிட்டீர்களா தம்பி? நல்லது. அந்தச் சத்தத்தில் எனக்கு வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. இப்படிப் புளியமரத்து நிழலுக்கு வாருங்கள். தூக்கில் மோர் இருக்கிறது, குடியுங்கள். ஏன் அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்?

என்ன, உத்தரவு வாங்க வேண்டுமா? இடிக்கச் சொல்லும் உத்தரவு உங்கள் சட்டைப் பையில்தானே இருக்கிறது, முத்திரையெல்லாம் குத்தி? ஓ, துணி சுற்றி நிற்கிறாளே, அவளிடம் வாங்க வேண்டுமா. சரி, கேட்டுக்கொள்ளுங்கள். கற்பூரம் கொண்டுவந்திருந்தால் ஒரு முழம் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். என்னைச் சாமி என்று கூப்பிடாதீர்கள். நான் பூசாரி இல்லை. போக்குவரத்துப் பொறியியல் பேராசிரியர், ஓய்வு பெற்றவன். முனைவர் இளவழுதி. பெயரைக் கேட்டாலே எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்திருக்கும். ஜவுளிக்கடையில் காலண்டர் கொடுத்தால் என் அப்பா சாமி படத்தைக் கிழித்துவிட்டுத் தேதியை மட்டும் சுவரில் மாட்டுவார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

இந்த வேட்டியும் சிவப்புத் துண்டும் சோதனையின் ஒரு பகுதி. பேண்ட் போட்டுக்கொண்டு விளக்கேற்றினால் லாரிக்காரர்கள் நம்புவதில்லை, வேகமும் குறைவதில்லை. இரண்டு விதமாகவும் நின்று அளந்து பார்த்துவிட்டுத்தான் வேட்டிக்கு வந்தேன். நெற்றியில் இருப்பது விபூதி அல்ல, வகுப்பறைச் சாக்பீஸ். அதாவது ஆரம்பத்தில் சாக்பீஸ். அரித்தது. அதனால் இப்போது விபூதி. தோல் காரணமாகத்தான்.

உங்கள் பெயர் என்ன? செங்கோடன். நல்லது. செங்கோடன், உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அதற்கு முன்னால் விஷயம் முழுதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். காரணம் சொல்லாமல் கையைப் பிடித்துக் கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. போலீஸை அழைத்துக்கொண்டு ஜீப் திரும்பி வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். ஜீப்பில் வருகிறாரே நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் விக்னராஜ், அவர் என் மாணவர்தான். காலையில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உத்தரவை நீட்டினார். "சார், நீங்க எழுதின புத்தகத்தைக் காட்டித்தான் சார் கோர்ட்டுல ஜெயிச்சாங்க. ரோட்டு ஓரத்துல நிக்கிற எதுவா இருந்தாலும் எடுத்துறணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க" என்றார். எழுதியிருக்கிறேன். ஆனால் அடிக்குறிப்பு ஒன்று போட்டிருந்தேன். இந்த நாட்டில் அடிக்குறிப்பு யார் படிக்கிறார்கள்?

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வளைவுகளைத்தான் படித்தேன். நேரான ரோட்டில் படிக்க என்ன இருக்கிறது? வளைவில்தான் மனிதன் தெரிவான். அங்கே கரட்டுமேடு என்று ஒரு வளைவு இருக்கிறது, தெரியும்தானே? அது என் கைக்கு வந்தபோது மாதம் தவறாமல் சாவு. வெளி ஓரத்தை உயர்த்திப் போடச் சொன்னேன், போட்டார்கள். அம்புக்குறிப் பலகை வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். அந்தப் பலகைகள் இப்போது பக்கத்துக் கோழிப்பண்ணைக்குக் கூரையாக இருக்கின்றன. கோழிகள் ஒழுங்காகத் திரும்புகின்றனவா என்று யாரும் ஆராயவில்லை. சாவு மட்டும் குறையவில்லை.

பிறகு அங்கே செத்துப்போன கிளீனர் ஒருவனின் மனைவி வந்து, வாய்க்கால் கல் ஒன்றைத் தூக்கி நட்டு, மஞ்சளைப் பூசிவிட்டுப் போனாள். விபத்து நின்றது.

சிரிக்காதீர்கள். நின்றது. என் படிப்பு முழுவதையும் ஒரு மஞ்சள் கிழங்கு முடித்துவைத்தது. எனக்கு எத்தனை எரிச்சல் வந்தது தெரியுமா? ஆனால் நான் விஞ்ஞானி. எரிச்சலை ஒதுக்கி வைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் புரிந்துவிட்டது. டிரைவருக்குக் கல்லைக் கண்டதும் கும்பிடத் தோன்றுகிறது. கும்பிட ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். கையை எடுப்பவன் தன்னை அறியாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுக்கிறான். அவ்வளவுதான். அம்மன் இல்லை, அருள் இல்லை. கையும் காலும்தான்.

கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அதை மதிப்பிட்டவர் யாரோ, பெயர் சொல்ல மாட்டார்கள், மூன்று நிபந்தனை போட்டார். ஒன்று, இன்னொரு வளைவில் இதையே செய்து காட்டு. இரண்டு, ஒன்றும் வைக்காமல் முதலில் கொஞ்ச காலம் கவனி. வைத்த பிறகும் கவனி. மூன்றாவது நிபந்தனையைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் என் கழுத்தில் கிடக்கிறது.

மோசமான வளைவுகளின் பெயரைச் சீட்டில் எழுதி டம்ளரில் போட்டு மலர்க்கொடியை எடுக்கச் சொன்னேன். மலர்க்கொடி என் மனைவி. இந்த வளைவு வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு அதோ அந்த ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். முதல் வருடம் இந்த மரத்தடியில் நாற்காலி போட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். அதுதான் முறை.

பார்த்தேன். ஒரு நாள் ஷேர் ஆட்டோ ஒன்று. சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள். ஒரு டிபன் கேரியர் உருண்டு உருண்டு என் காலடிக்கு வந்து நின்றது. மூடி திறக்கவே இல்லை. உள்ளே சூடு இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரிடம் கொடுப்பது? கொடுக்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. மலர்க்கொடி ஓடிவந்து, "மனுசனா நீங்க? ஒரு கல்லை நட்டுத் தொலைங்களேன்!" என்று ரோட்டிலேயே கத்தினாள். காலம் முடியவில்லை என்றேன். முடியவில்லைதான். முன்னாலேயே நட்டால் அந்த வருடமே வீண். அன்றைக்கு ராத்திரி அவள் எனக்குச் சோறு போடவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு வைத்தேன். வைத்ததிலிருந்து இங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை தம்பி. ஒரு கோழி லாரி மட்டும் ஓடையில் சாய்ந்தது, டிரைவர் தூங்கிவிட்டான். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். வளைவுக்காரி என்று பெயர் வைத்தது நான் அல்ல, டேங்கர் ஓட்டுகிறவர்கள். நான் சோதனைத் தளம் என்றுதான் பலகை வைத்தேன். அதற்கும் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

நீங்கள் ஏன் அவளையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? போன வாரம் வந்த ஆபரேட்டர் காய்ச்சலில் விழுந்தாரே, அதை நினைத்தா? அடடா. படித்தவர்கள்கூட அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நானே ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தேன் செங்கோடன். டெங்கு. கொசு கடித்தது அவர் ஊரில், இங்கே வருவதற்கு முன்னாலேயே. அதில் இவளுக்கு ஒரு பங்கும் இல்லை. அதற்கு முந்தி வந்தவருடைய வண்டி ஹைட்ராலிக் குழாய் வெடித்து நின்றது. பழைய குழாய். மெக்கானிக்கிடம் கேட்டேன், எப்போதோ மாற்றியிருக்க வேண்டியதாம். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பயத்தால் நீங்கள் திரும்பிப் போகக் கூடாது. புரிந்துகொண்டு போக வேண்டும். பயந்து போகிற ஆளுக்குப் பதிலாக நாளை வேறொரு ஆளை அனுப்புவார்கள். புரிந்துகொண்டவன் நாலு பேருக்குச் சொல்வான்.

நான் போகாத வாசல் இல்லை. கலெக்டர் ஆபீஸில் என் வரைபடங்களை விரித்தேன். டவாலி வந்து சுருட்டிக் கொடுத்தார். அப்பாவோடு ஒன்றாக மேடையில் பேசியவர்கள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போனேன். ஒருவர் என் நெற்றியைப் பார்த்தார். "இளவழுதி, உங்க அப்பா இல்லாததும் நல்லதாப் போச்சுப்பா" என்று உள்ளே போய்விட்டார். சரி, எதிர்ப்பக்கம் போவோம் என்று ஊர்ப் பக்திச் சங்கத்துக்குப் போனேன். அவர்கள் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். "அம்மனைப் பிரதிஷ்டை பண்ணினது யாருங்க?" என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். "மந்திரம்?" சொல்லவில்லை என்றேன். "அப்ப அது கல்லுங்க" என்றார்கள். கல்கூட இல்லை என்று சொல்லியிருப்பேன், அதற்குள் காபி டம்ளரை வாங்கிக்கொண்டார்கள். மலர்க்கொடி சொல்கிறாள்: "ஐயரைக் கூப்பிடாமக் கல்யாணம் பண்ணி வச்சாரு மாமா. இப்ப மகனே ஐயராயிட்டாரு. அதுலயும் யாரும் சேத்துக்காத ஐயரு." சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

ஆகவே இப்போது எனக்கு நீங்கள் ஒருவர்தான். வேறு யாரும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? வேர்ப்பதா? ஆமாம், சித்திரையில் அம்மனுக்கு வேர்க்கிறது என்பது உண்மைதான். கறுப்பாகத் துளித் துளியாக முகத்தில் நிற்கும். போன வருடம் நாமக்கல்லிலிருந்தெல்லாம் கூட்டம். கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுப் பக்கம் திரும்புகிறாள் என்பதும் உண்மை. வைத்தபோது நேராக நின்றாள், இப்போது பாருங்கள், வருகிற வண்டியைத் தலை சாய்த்துப் பார்க்கிற மாதிரி இல்லை? இதைப் பார்த்துத்தான் ஊரே பயந்து கிடக்கிறது. இங்கேதான் விஞ்ஞானம் வருகிறது. கிட்டே வாருங்கள். பயப்படாதீர்கள், துணியை விலக்குகிறேன். தொட்டுப் பாருங்கள்.

தார், தம்பி.

வெறும் தார். தாரும் ஜல்லியும். ரோடு போட்ட காண்டிராக்டர் சொன்ன கனத்துக்குப் போட்டிருக்கிறாரா என்று பார்க்க, ரோட்டை வட்டமாகத் துளைத்து ஒரு உருளையை எடுப்போம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அலமாரி நிறைய இருக்கும். இதோ, நீங்கள் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்குப் பக்கத்தில் நானே மிஷினை வைத்து எடுத்த உருளைதான் இவள். வளைவில் வைக்க ஒரு பொருள் வேண்டும், எந்த வளைவானாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. இது அளவு மாறாது. இதைவிட வேறென்ன கிடைக்கும்? வெயில் ஏறினால் தார் இளகும், துளியாக நிற்கும். இளகினது கனத்துக்குச் சாயும். இந்தப் பக்கம் தரை சரிவு, அதனால் இந்தப் பக்கம் சாய்கிறது. எண்ணெய் பட்டால் கரைந்தே போகும். அதனால்தான் எண்ணெய் கூடாது என்றேன். அதை வளைவுக்காரி எண்ணெய் ஏற்க மாட்டாள், துடியான தெய்வம் என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். மந்திரமும் இல்லை, துடியும் இல்லை. காலேஜ் ஸ்டோரில் இதற்கு எண்கூட உண்டு, அடியில் பெயிண்டில் எழுதியிருக்கும்.

பாருங்கள், சிரிக்கிறீர்கள்! எனக்கு எத்தனை நிம்மதி தெரியுமா? இத்தனை நாளில் இதைக் கேட்டுச் சிரித்த முதல் ஆள் நீங்கள். மோரைக் குடியுங்கள். இன்னொரு டம்ளர்? தாராளமாக. இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், சாமி என்றது போய்ச் சார் என்கிறீர்கள். புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

இனி மூன்றாவது நிபந்தனையைச் சொன்னாலும் விளங்கும். வைத்ததை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாவு திரும்பி வந்தால் வைத்ததுதான் காரணம் என்று நிரூபணம் ஆகும். வராவிட்டால் எல்லாம் தற்செயல். புரிகிறதா தம்பி? உங்கள் வண்டி இன்றைக்கு இவளைத் தூக்கி எறிந்தால் என் ஆராய்ச்சி முழுமையாகிவிடும். நான் ஒரு விரலையும் அசைக்க வேண்டாம், அரசாங்கமே செய்துகொடுக்கிறது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போதும். உலகத்தில் எந்தப் பேராசிரியருக்கும் இப்படி வாய்க்காது. விக்னராஜ்கூடக் காலையில் காதோடு சொன்னார்: "சார், உங்களுக்கும் இது நல்லதுதானே சார்?"

எனக்கு வேண்டாம்.

அந்த நாற்காலியில் இன்னொரு முறை என்னால் உட்கார முடியாது. கட்டுரை வராமல் போகட்டும். தற்செயல் என்றே உலகம் சொல்லட்டும், இளவழுதி ஒரு பைத்தியம் என்று சொல்லட்டும். போன தையில் காலம் முடிந்ததும் நானே எடுக்கத்தான் போனேன். இரண்டு முறை போனேன். ஒரு குடம் தண்ணீர்க் கனம்கூட இல்லை. குனிந்து இரண்டு கையாலும் பிடித்தேன். தூக்க வரவில்லை. முதுகு. எனக்கு முதுகுத் தண்டில் தேய்மானம் இருக்கிறது, டாக்டரே சொல்லியிருக்கிறார். மலர்க்கொடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "முதுகா?" என்றாள். முதுகுதான் என்றேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? ஜீப் வருகிறதா? இல்லையே. ஓ, கிளம்புகிறீர்களா. மிக்க நன்றி தம்பி. எனக்குத் தெரியும், எடுத்துச் சொன்னால் மனிதன் கேட்பான். இந்த ஒரு நம்பிக்கையில்தான் காலமெல்லாம் பாடம் நடத்தினேன். விக்னராஜிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கையும் காலும் என்று சொன்னேனே, அதைச் சொன்னால் போதும். வண்டியைப் பார்த்துத் திருப்புங்கள், இது வளைவு.

தம்பி, அப்படி இல்லை. ரோடு அந்தப் பக்கம். செங்கோடன்! வண்டி ஏன் கையைத் தூக்குகிறது?

என்ன? கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லையா? மாசமாக இருக்கிற சம்சாரம் போகாதே என்று அழுதாளா? கற்பூரம் ஏற்றிவிட்டு, முடியாது என்று சொல்லித் திரும்பிவிடத்தான் வந்தீர்களா? பிறகென்ன, திரும்புங்களேன்! நானா சொன்னேன்? ஆமாம், வெறும் தார் என்று சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் அது முடிவுரை இல்லை தம்பி, அது நடுவில் ஒரு பகுதி. முழுதும் கேட்டுவிட்டுத்தானே நீங்கள்...

தள்ளி நிற்க மாட்டேன். நிறுத்துங்கள். அந்தக் காய்ச்சல், டெங்கு என்றேனே, ரிப்போர்ட்டைப் பார்த்தேன், உண்மைதான், ஆனால் எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது. நான் அந்த டாக்டர் இல்லை. குழாய் வெடித்ததே, மெக்கானிக்கும் கையை விரித்துத்தான் சொன்னான். இன்னொன்று கேளுங்கள், யாருக்கும் சொல்லாதது. ஐப்பசியில் வேர்த்தது. மழை நாள், குளிர், தார் இளகவே முடியாது. என் கண்ணால் பார்த்தேன், துடைத்துவிட்டேன். எழுதி வைக்கவில்லை. என் வரைபடக் கோட்டில் பொருந்தவில்லை என்று விட்டுவிட்டேன். துணியைக் கட்டிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை நான். மலர்க்கொடியைக் கேளுங்கள். மலர்க்கொடி! இங்கே வா, இவரிடம் சொல்!

செங்கோடன், உங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது. இவளிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். துளைத்தது நான்தான், ஆனால் மிஷினை வைத்த இடத்தில் எல்லாம் நொறுங்கித்தான் வந்தது, இவள் ஒருத்திதான் முழுதாக வந்தாள். அவளாகவே வந்தாள். பூமிக்குள்ளிருந்து வந்தவள், அதில் பொய்யே இல்லை. சுயம்பு, தம்பி. கேட்கிறதா? என் அப்பா மேல் ஆணையாகச் சொல்கிறேன், சுயம்பு!